கழுத்துக்குக் கீழே அசைவு குறைந்த தம்பிக்குக் கண்ணால் இயக்கும் கருவி வாங்கலாமா? (திருகோணமலை)

உப்புவெளி_அக்கா

எல்லோருக்கும் வணக்கம். தம்பி போன வருடம் தென்னையால் விழுந்து கழுத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டது. துண்டில் சி5 (கழுத்தின் ஐந்தாவது நரம்பு மட்டம்) என்று எழுதியிருக்கிறார்கள். ராகமவில் மறுவாழ்வுச் சிகிச்சை முடித்து இப்போது வீட்டில் இருக்கிறான். தலை நன்றாகத் திரும்பும். தோளைத் தூக்குவான். முழங்கையை மடக்குவான், நீட்ட ஏலாது. விரல்களில் அசைவே இல்லை. பேச்சு, ஞாபகம், கோபம் மூன்றும் முன்பு போலவே இருக்கின்றன.

அவன் கேட்பது ஒன்றுதான்: போனை யாரையும் கூப்பிடாமல் தானே பார்க்க வேண்டும். இப்போது நான்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வளர்ந்த பெடியனின் வட்ஸ்அப்பை அக்கா நின்று தள்ளிக் கொடுப்பது இருவருக்கும் சரிவராது, விளங்கும்தானே.

வெளிநாட்டிலுள்ள உறவினர் கண்ணால் இயக்கும் கருவி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். ஆயிரம் டொலருக்கு மேல். எல்லோரும் சேர்த்துக் கொடுக்கலாம் என்கிறார்கள். வாங்குவதா? இங்கே யாராவது பாவிக்கிறீர்களா?

டொரொன்டோ_மாமா

யோசிக்காமல் வாங்குங்கோ பிள்ளை. ஸ்டீபன் ஹோக்கிங் கண்ணாலேயே எழுதிப் பேசி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைக்கவில்லையா? காசு ஒரு பிரச்சினையே இல்லை, இங்கே ஊர்ச் சங்கத்தில் கதைக்கலாம்.

சில்லுக்கதிரை

மாமா, ஹோக்கிங் கண்ணால் எழுதவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சின்ன அகச்சிவப்பு உணரி இருந்தது. அது கன்னத்தசை அசைவதைப் பிடிக்கும். திரையில் எழுத்துகளும் சொற்களும் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டு போகும், வேண்டியது வரும்போது கன்னத்தை அசைப்பார். ஒரே ஒரு சுவிச்சால் நடந்த வேலை அவ்வளவும். அவருக்காகச் செய்த மென்பொருளை இன்டெல் நிறுவனம் 2015இல் இலவசமாகவே வெளியிட்டது, ஏகேட் என்று பெயர்.

அக்கா, நானும் சக்கர நாற்காலியில்தான். எனக்குக் கை வேலை செய்யும், அதனால் உங்கள் தம்பியின் நிலை எனக்கு முழுதாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண் கருவி பற்றி இதைச் சொல்லலாம். அது பெரும்பாலும் விண்டோஸ் கணினியோடுதான் வேலை செய்யும். அவன் கேட்பதோ போன். தலை ஓரளவு ஒரே இடத்தில் இருக்க வேண்டும். யன்னல் வெயில் நேரே முகத்தில் விழுந்தால் தடுமாறும், ஏனென்றால் அதுவும் அகச்சிவப்பு ஒளியைத்தான் பார்க்கிறது. பழுதானால் திருகோணமலையில் அதைத் திறந்து பார்க்க ஒருவரும் இல்லை. தலையும் தோளும் அசைகிறவருக்குக் கண் கடைசி வழி.

டொரொன்டோ_மாமா

சரி தம்பி, கன்னம் என்றே வைத்துக்கொள்ளுங்கோ. அப்போ எதை அனுப்புவது?

கிண்ணியா_பிசியோ

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சகோதரி, கருவிக்கு முன்னால் இரண்டு கேள்விகள்.

முதலாவது, அவர் மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்குவாரா? உள்ளங்கையைக் கீழே வைத்துக்கொண்டு, மேசையிலிருந்து கையை மட்டும் கிளப்பச் சொல்லிப் பாருங்கள். கொஞ்சமாவது கிளம்பினால் சி6 நரம்பும் ஓரளவு மீண்டிருக்கிறது. அப்படியானால் ஒரு நல்ல விடயம் உண்டு. மணிக்கட்டு மேலே போகும்போது விரல்கள் தாமாகவே மடங்கும், பெருவிரல் சுட்டுவிரலோடு ஒட்டும். அதை வைத்து ஒரு பேனாவைப் பிடிக்கலாம். இந்தப் பிடி கிடைக்க விரல் தசைநார்கள் சற்று இறுகியே இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அன்பாக விரல்களை நன்றாக நீட்டி, மணிக்கட்டையும் சேர்த்துப் பின்னால் வளைத்து இழுத்துவிடுவார்கள். அப்படிச் செய்து செய்து அந்தப் பிடியே இல்லாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலை நீட்டுவதானால் மணிக்கட்டு கீழே மடங்கியிருக்கட்டும்.

இரண்டாவது, இரவில் அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்?

உப்புவெளி_அக்கா

மணிக்கட்டு கிளம்பவில்லை. தொங்குகிறது. இரவில் கத்திக் கூப்பிடுவான். மழைக்காலத்தில் தகரத்தில் மழை விழுந்தால் கேட்காது. ஏன் கேட்கிறீர்கள்?

கிண்ணியா_பிசியோ

போனை விட அதுதான் அவசரம், அதனால் கேட்டேன். முதுகில் டி6 என்னும் மட்டத்துக்கு மேலே வடம் பாதிக்கப்பட்டவர்களுக்கு, உணராத உடலில் ஏதாவது உறுத்தினால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறலாம். பெரும்பாலும் காரணம் சிறுநீர்க் குழாய் மடிந்து அடைத்துக்கொண்டது, இல்லாவிட்டால் மலச்சிக்கல். மண்டையை உடைக்கும் தலைவலி, முகம் சிவத்தல், கழுத்துக்கு மேலே வியர்த்துக் கொட்டுதல். உடனே நிமிர்த்தி இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாயைப் பார்க்க வேண்டும். தணியாவிட்டால் ஆஸ்பத்திரி, தாமதிக்கவே கூடாது. அந்த நேரத்தில் கத்திக் கூப்பிட அவரால் முடியாமல் போகலாம்.

அதனால் முதலில் மணி. வயரில்லாத கோலிங் பெல் பிரதான வீதியில் எந்த மின்சாமான் கடையிலும் இருக்கும். ஒலிக்கும் பகுதி பற்றரியில் வேலை செய்வதாகப் பார்த்து வாங்குங்கள், கரண்ட் போனாலும் அடிக்கும். அழுத்தும் பகுதியை எப்படி அவர் தலைக்குக் கொண்டுவருவது என்பதை இங்கே இருக்கும் மின்னணுக்காரர் யாராவது சொல்லட்டும்.

சோல்டர்_தம்பி

நான் வருகிறேன். ரேடியோ, போன் திருத்துகிறவன், அநுராதபுரச் சந்திப் பக்கம்.

பெல்லின் அழுத்தும் பகுதியைத் திறந்தால் உள்ளே நாலு கால் உள்ள குட்டி பட்டன் ஒன்று இருக்கும். அழுத்தும்போது இணையும் இரண்டு கால்களில் இரண்டு வயரை ஒட்டி, மறு முனையில் 3.5 மி.மீ. சொக்கெட் போட்டுவிட வேண்டும். பழைய ஹெட்போன் குத்தும் ஓட்டை, அதேதான். உலகம் முழுக்க உடற்குறை உள்ளவர்களுக்கான சுவிச்சுகளுக்கு இந்தப் பிளக்தான் பொது அளவு. நாளைக்கு வெளிநாட்டிலிருந்து நல்ல சுவிச் வந்தாலும் அப்படியே குத்தலாம். கடையில் விற்கும் பெரிய பொத்தான் ஒன்று 50 டொலருக்கு மேலே போகும். உள்ளே இருப்பது ஒரு மைக்ரோ சுவிச்சும் இரண்டு வயரும்.

சுவிச்சுக்குப் பழைய மவுஸ் ஒன்றை உடைத்தால் போதும். இடது பட்டனுக்குக் கீழே இருக்கும் மைக்ரோ சுவிச் சுமார் 75 கிராம் அழுத்தத்துக்கே விழும். கன்னத்துக்கு அது சரியான அளவு. மைக்ரோவேவ் அடுப்புக் கதவிலும் நல்ல சுவிச் உண்டு என்று யாராவது வீடியோ போட்டிருப்பார்கள். தயவுசெய்து வீட்டில் அதைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிற்றரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் நிற்கும்.

ஏகாம்பரம்_வீதி

எல்லாம் சரி, கடல்காற்றை மறந்துவிட்டீர்கள். உப்புவெளி என்று பெயரிலேயே உப்பு இருக்கிறது. எங்கள் வீட்டு கேற் மணி ஒரு மாரிக்குத்தான் தாங்கும். உள்ளே பச்சை பிடித்துவிடும்.

சோல்டர்_தம்பி

ஐயா சொல்வது முற்றிலும் உண்மை. கடலோரத்தில் திறந்த பட்டன்கள் சீக்கிரம் துருவேறி, அழுத்தினால் சிலவேளை பேசும், சிலவேளை பேசாது. மணிக்கு அது ஆகவே ஆகாது. இதற்கு நான் பாவிப்பது ரீட் சுவிச். கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து மூடிய இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், காந்தம் கிட்ட வந்தால் ஒட்டும். காற்றே புகாது, துருப்பிடிக்க இடமில்லை. திருடன் அலாரத்தில் கதவில் பொருத்துவது இதுதான். செருப்பு இறப்பரில் ஒரு துண்டு வெட்டி, வளையக்கூடிய நாக்கு மாதிரிச் செய்து, நுனியில் காந்தத்தை வைத்தால் கன்னத்தால் தள்ளலாம். கண்ணாடிக் குழாயை மட்டும் ஒரு பேனாக் கூட்டுக்குள் வைத்துப் பசை ஊற்றிவிட வேண்டும், உடைந்தால் முகத்துக்குப் பக்கத்தில்.

உப்புவெளி_அக்கா

இதை அவன் தலைக்குப் பக்கத்தில் எதில் பூட்டுவது? தலையணையில் வைத்தால் நகர்ந்துவிடாதா?

சில்லுக்கதிரை

நகரும். சுவிச் செய்வதை விடச் சுவிச்சை ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் பெரிய வேலை, எல்லோரும் அங்கேதான் கைவிடுகிறார்கள். கட்டிலைத் திருப்பி விரித்ததும் இடம் மாறும், அடுத்த நாள் யாருக்கும் பழைய இடம் ஞாபகம் இருக்காது, ஒரு கிழமையில் எல்லாம் மேசை லாச்சிக்குள் போய்விடும்.

சவுண்ட் சேர்விஸ் வைத்திருப்பவர்களிடம் பழைய மைக் ஸ்டாண்ட் கேளுங்கள். கிடையாக நீளும் கை உள்ளது. கோயில் திருவிழாக்களில் அடிபட்டு மூலையில் கிடப்பதைச் சும்மாவே தந்துவிடுவார்கள். அடிப்பகுதி பாரமானது, கட்டிலுக்குக் கீழே போகும். மைக் பிடிக்கும் வாயில் சுவிச்சைப் பூட்டுங்கள். சரியான இடம் கிடைத்ததும் ஒவ்வொரு மூட்டிலும் நிறப் பூச்சால் கோடு போட்டு வையுங்கள். யார் கழற்றினாலும் கோட்டுக்குக் கோடு வைத்தால் பழைய இடம்.

மூதூர்_மகன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு மோட்டார் நியூரோன் நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் நோய். பேச்சு போய்விட்டது. கையும் இல்லை. கண் நன்றாக இருக்கிறது, தலையை இம்மி அசைப்பா. இந்த இழையில் சொல்வதெல்லாம் அவவுக்கும் பொருந்துமா? அவ முன்னாள் ஆசிரியை, எழுதாமல் இருக்கவே மாட்டா.

கிண்ணியா_பிசியோ

பொருந்தும் சகோதரர், ஆனால் வரிசை மாறும். பாரிசவாதத்தில் மூளையின் மொழிப்பகுதி அடிபட்டால் எழுத்துப் பலகை கொடுத்தும் பயன் குறைவு, சொல்லே தலைக்குள் குழம்பும். உங்கள் அம்மாவின் நோயில் பொதுவாகச் சொல் உள்ளே முழுதாக இருக்கும், வெளியே வர வழிதான் இல்லை. அவருக்குக் கண் கருவி பற்றி யோசிப்பது நியாயம். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று: கண்ணாடிபோல் தெளிவான பேர்ஸ்பெக்ஸ் தகடு. நாலு மூலையிலும் நாலு பக்கத்திலும் எழுத்துக் கூட்டங்களை எழுதி ஒட்டுங்கள். நடுவில் ஓட்டை. அம்மா ஒரு பக்கமும் நீங்கள் மறுபக்கமும் இருந்து தகட்டை நடுவில் பிடிக்க, அவர் எந்தக் கூட்டத்தைப் பார்க்கிறார் என்பதை நீங்கள் அவர் கண்ணிலேயே காண்பீர்கள். இதற்கு ஈ-டிரான் பலகை என்று பெயர். பற்றரி வேண்டாம். விழுந்தாலும் உடையாது.

நோய் கூடக் கூட அசைவு குறையும். ஆகவே இப்போதே பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரைக் காண்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கோணேசபுரி_நிரலாளன்

இந்தத் தமிழ் எழுத்துக் கூட்டங்கள் விடயத்தில் நான் கொஞ்ச நாளாக மண்டையை உடைக்கிறேன், அதனால் நீளமாக எழுதப்போகிறேன்.

ஒரு சுவிச்சால் எழுதுவது என்றால், திரையில் ஒளி ஒவ்வொரு கட்டமாக நகரும், வேண்டியது வந்ததும் அழுத்த வேண்டும். நம் எழுத்து 247. ஆனால் கணினியில் அத்தனையும் தனித்தனி விசை இல்லை. மெய் ஒன்று, அதன்மேல் உயிர்க்குறி ஒன்று. எனவே 12 உயிர், 18 அகரமேறிய மெய் என்று 30 கட்டம் என்று எடுப்போம். ஒரு கட்டத்துக்கு ஒரு வினாடி. வரிசையாகப் போனால் ஒரு எழுத்துக்குச் சராசரி பதினைந்தரை வினாடி. அதையே 5 நிரை, 6 நிரலாக அடுக்கி, முதலில் நிரையைத் தெரிந்து பிறகு அதற்குள் எழுத்தைத் தெரிந்தால் சராசரி ஆறரை வினாடி. பாதிக்கும் கீழே.

சிக்கல் என்னவென்றால் "கி" எழுத இரண்டு தெரிவு, 13 வினாடி. "தண்ணீர்" எழுதி முடிக்க த, ண, புள்ளி, ந... இல்லை, ண, ஈகாரக்குறி, ர, புள்ளி. ஏழு தெரிவு. நாக்கு வறண்ட ஆளை முக்கால் நிமிடம் காக்க வைக்கக் கூடாது. அதனால் மூன்று மாற்றங்கள் செய்தேன். முதல் நிரையில் எழுத்தே இல்லை, முழு வசனங்கள்: தண்ணி, திருப்பிப் படுக்க வை, வலிக்குது, காற்றாடி, போதும், ஆளைக் கூப்பிடு. இரண்டாவது, அகரவரிசையை விட்டுவிட்டு நாம் அடிக்கடி எழுதும் எழுத்துகளை மேல் இடது மூலைக்குக் கொண்டுவந்தேன். ஞ, ங எல்லாம் கடைசியில். மூன்றாவது, மெய்யைத் தெரிந்த உடனே அடுத்த சுற்றில் உயிர்க்குறிகள் மட்டும் வரும், புள்ளி முதலில்.

தேர்ந்த வசனத்தை அன்ட்ராய்டில் உள்ள கூகுள் தமிழ்க் குரலே வாசித்துவிடும். உச்சரிப்பு இந்தியாக்காரர் போல இருக்கும், அம்மாவுக்குச் சிரிப்பு வரலாம்.

மூதூர்_மகன்

ஆசிரியைக்கு அகரவரிசையை மாற்றினால் கோபம்தான் வரும் தம்பி. அவவுக்குப் பழைய வரிசை மனப்பாடம். கண் அங்கே போய்ச் சேருமுன்பே எழுத்து எங்கே வரும் என்று தெரியும்.

கோணேசபுரி_நிரலாளன்

அட, அது நல்ல விடயம். அடுத்த எழுத்து எங்கே என்று தேடுகிற நேரத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. இரண்டு அடுக்கும் தருகிறேன், ஆசிரியையே தீர்ப்புச் சொல்லட்டும்.

ஏகாம்பரம்_வீதி

நீங்கள் எல்லோரும் போனுக்குள் போய்விட்டீர்கள். அந்தப் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வருவானா? இந்த நாட்டில் 1996இலேயே 28ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது, அங்கவீனருடைய உரிமைக்கு. ஐ.நா. உடன்படிக்கையை 2016இல் ஏற்றும் உறுதிப்படுத்தியாயிற்று. உவர்மலையில் ஒரு அலுவலகத்துக்குப் போனால் வாசலில் மூன்று படி. சாய்தளம் கட்டிய இடத்திலும் அது மலையேறுகிற மாதிரி நிற்கிறது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது உலகம் அறிந்த கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம் வேணும். இவர்கள் இரண்டடியில் முடித்துவிட்டு மஞ்சள் பூசி விடுகிறார்கள்.

சக்கர நாற்காலி கையளிப்பு என்று மேடை போடுகிறார்கள், மாலை, போட்டோ எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரி நடையில் தள்ளுகிற நாற்காலியைக் கொடுத்தால் நிலாவெளி மணலில் முன்சில்லு புதைந்து ஆள் முகங்குப்புற விழுவான்.

சில்லுக்கதிரை

ஐயாவோடு இந்த இடத்தில் நூறு வீதம் ஒத்துப்போகிறேன். முன்சில்லு சின்னதாகவும் ஒல்லியாகவும் இருந்தால் மணலில் அது கலப்பைதான். அமெரிக்காவில் ரால்ப் ஹொட்ச்கிஸ் என்பவர், தானும் நாற்காலியில் இருந்துகொண்டு, அகலமான முன்சில்லும் நீண்ட அடித்தளமும் உள்ள ஒரு நாற்காலியை வடிவமைத்தார். ரஃப் ரைடர் என்று பெயர். சைக்கிள் கடைச் சாமானால் திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். எனக்கு அதுதான் அளவுகோல். சாமானின் விலை என்ன என்று கேட்பதற்கு முன், உடைந்தால் தம்பலகாமத்துச் சைக்கிள் கடைக்காரர் கை வைப்பாரா என்று கேட்பேன். இல்லை என்றால் அது இலவசமாகக் கிடைத்தாலும் எனக்கு விலை கூடியது.

டொரொன்டோ மாமா, எதை அனுப்புவது என்று கேட்டீர்களே. நல்ல இருக்கை மெத்தை அனுப்புங்கள். அழுத்தத்தைப் பரப்புகிற வகை. உணர்வில்லாத இடத்தில் புண் வந்தால் மாதக் கணக்கில் குப்புறப் படுக்க வேண்டும், அப்போது போனும் இல்லை, ஒன்றும் இல்லை. இங்கே கிடைக்கும் சாதாரண ஸ்பொஞ்ச் ஒரு வருடத்தில் தட்டையாகிவிடும். எது பொருந்தும் என்று பிசியோ அளந்து சொல்லாமல் வாங்கிவிடாதீர்கள்.

டொரொன்டோ_மாமா

மெத்தையா. ஊர்ச் சங்கத்தில் மெத்தைக்குக் காசு கேட்டால் சிரிப்பார்கள். கண் கருவி என்றால் உடனே தருவார்கள். ஆனாலும் கேட்கிறேன்.

கிண்ணியா_பிசியோ

மாமாவின் கடைசி வசனத்தில் இந்தத் துறையின் முழுப் பிரச்சினையும் இருக்கிறது.

சகோதரி, போனுக்கு வருவோம். நாற்காலியில் இருக்கும்போது உங்கள் தம்பிக்குச் சுவிச்சே தேவைப்படாமல் இருக்கலாம். தோளும் முழங்கை மடிப்பும் உள்ளவர் கையைத் திரை வரைக்கும் கொண்டுவருவார். தொங்கும் மணிக்கட்டுக்கு ஒரு சிம்பு (தாங்கிப் பிடிக்கும் மட்டை) வேண்டும், திருகோணமலை ஆஸ்பத்திரியின் பிசியோ, தொழில்வழிச் சிகிச்சைப் பகுதியில் கேளுங்கள். அதன்மேல் உள்ளங்கையைச் சுற்றி ஒரு பட்டி, வெல்குரோ போட்டு. பட்டியின் உள்ளே சிறு பை. அதில் தொடுபேனாவைச் செருகினால் போன். கரண்டியைச் செருகினால் சாப்பாடு. பல்துலக்கி, சவரக்கத்தி, எல்லாம் அதே பைக்குள். தையல்காரர் அரை மணியில் தைப்பார்.

பட்டிக்குக் கீழே தோலைத் தினமும் பாருங்கள். முதலில் கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றி, சிவப்பு மறைகிறதா என்று பார்த்துத்தான் நேரத்தைக் கூட்ட வேண்டும். அவருக்கு உறுத்துவது தெரியாது.

சோல்டர்_தம்பி

தொடுபேனாவில் ஒரு விடயம். இறப்பர் நுனி வைத்த மலிவுப் பேனா, உடம்போடு மின்தொடர்பு இருந்தால்தான் திரையில் பேசும். துணிப் பைக்குள் செருகினால் பேசாது, பேனா பழுது என்று நினைத்து எறிந்துவிடுவார்கள். பேனாவின் உலோகத்தில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, மறுமுனையைப் பட்டியின் உட்பக்கம் தோலில் படும்படி தையுங்கள். கூரான முனை வெளியே வரக்கூடாது. வேலை முடிந்தது.

பேனா இல்லாமல் சின்னவிரல் மொழியாலும் தட்டலாம். அசைவில்லாத விரலிலும் திரைக்குத் தேவையான மின்தன்மை அப்படியே இருக்கும்.

சில்லுக்கதிரை

போன் செட்டிங்கில் கை வைக்காமல் இதில் இறங்க வேண்டாம். சாம்சங் என்றால் அணுகல் வசதிப் பகுதியில் தொடுகை அமைப்புகளைப் பாருங்கள். எவ்வளவு நேரம் தொட்டால் தொடுகை என்று எடுக்க வேண்டும், அடுத்தடுத்து விழும் தொடுகையை எவ்வளவு நேரம் கணக்கெடுக்காமல் விட வேண்டும் என்று இரண்டும் கூட்டிக் குறைக்கலாம். கை துடிக்கிறவர்களுக்கு இது பாதி வைத்தியம். காசு ஒரு சதமும் இல்லை.

கட்டிலில் மல்லாந்து இருக்கும்போது கை தூக்குவது கஷ்டம். அப்போது சுவிச். அன்ட்ராய்டில் சுவிச் அணுகல் என்று இருக்கிறது. கமராவையே சுவிச்சாக்கலாம், 2021இல் வந்த வசதி: வாயைத் திறப்பது, சிரிப்பது, புருவம் தூக்குவது, மேலே, இடம், வலம் பார்ப்பது என்று ஆறு சைகை. யன்னல் அவனுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, முகம் இருட்டாகிவிடும். புருவம் நல்லது. சிரிப்பை வைத்தால் நண்பன் பகிடி அனுப்பும்போதெல்லாம் போன் தானாக எதையாவது அழுத்தும்.

உப்புவெளி_அக்கா

அவனிடம் வாசித்துக் காட்டினேன். புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பயிற்சி எடுக்கிறான். ஆனால் இரவில் விளக்கை அணைத்தால் கமரா வேலை செய்யாதே?

சோல்டர்_தம்பி

செய்யாது. இரவுக்குக் கன்னச் சுவிச்தான். மணிக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் வையுங்கள். மணி எந்தப் பக்கம் என்பது ஒருநாளும் மாறக் கூடாது.

போனுக்கு ஆகக் குறைந்த விலை வழி: செல்பி எடுக்கும் புளூடூத் ரிமோட். அது போனுக்குச் சொல்வதெல்லாம் "வொலியூம் கூட்டு" என்பதுதான். சுவிச் அணுகலில் அந்த விசையைத் தெரிவு செய்யும் விசையாகப் பதியலாம். உள்ளே பட்டன் காலில் அதே இரண்டு வயர், அதே சொக்கெட். குறை என்னவென்றால் சும்மா இருந்தால் ரிமோட் தூங்கிவிடும், காசு அளவு பற்றரியும் சீக்கிரம் முடியும்.

மூதூர்_மகன்

பழைய மவுஸை ஓ.டி.ஜி. வயரால் (யூ.எஸ்.பி. சாமானைப் போனோடு இணைக்கும் வயர்) போனில் குத்தினால் ஆகாதா? வீட்டில் இரண்டு கிடக்கிறது.

சோல்டர்_தம்பி

மவுஸ் கிளிக்கைச் சுவிச் அணுகல் விசையாக எடுக்காது அண்ணை. கணினிக்கு என்றால் மவுஸ் நல்லது. போனுக்குப் பழைய கீபோர்ட்டை உடைத்து ஸ்பேஸ் விசையின் இரண்டு தடத்தையும் கண்டுபிடித்து ஒட்டலாம், அது எடுக்கும். ஆனால் ஓ.டி.ஜி. குத்தினால் சார்ஜ் போட ஓட்டை இல்லை. நாள் முழுக்கக் கட்டிலில் இருக்கிறவருக்கு அது சரிவராது.

நான் செய்து கொடுப்பது இஎஸ்பி32 என்கிற சின்னப் போர்ட். புளூடூத் கீபோர்ட் என்று போனை நம்ப வைக்கும். பழைய சார்ஜரில் குத்தி விட்டால் தூக்கமும் இல்லை, பற்றரியும் இல்லை. அழுத்தத்தையும் நிரலில் வடிகட்டலாம், கன்னம் துடித்து மூன்று தரம் பட்டாலும் ஒரு தரமாக அனுப்பும். கணினிக்கு மட்டும் என்றால் ராஸ்பெரி பை பிகோ போதும், 2021இல் 4 டொலருக்கு வந்தது. யாராவது படம் பார்த்து ஆர்டுயினோ உனோ போர்ட்டின் பழைய ஆர்3 வகையை வாங்கிவிடாதீர்கள், அது நேரடியாகக் கீபோர்ட்டாக நடிக்காது. ஆர்டுயினோ லியோனார்டோ நடிக்கும்.

டொரொன்டோ_மாமா

அப்போ இந்த எக்ஸ்பொக்ஸ் காரர் செய்தது என்ன? என் மகன் ஒன்றைக் காட்டினான்.

சில்லுக்கதிரை

எக்ஸ்பொக்ஸ் அடாப்டிவ் கொன்ட்ரோலர், உடற்குறை உள்ளவர்கள் விளையாடுவதற்கான கட்டுப்பாட்டுப் பலகை. 2018இல் 99 டொலர் 99 சதத்துக்கு வந்தது. பின்னால் 3.5 மி.மீ. ஓட்டை 19 இருக்கும். நல்ல சாமான், விளையாட்டுக்கு. தம்பிக்கு விளையாட ஆசை வந்தால் அப்போது அனுப்புங்கள், நம் சோல்டர்_தம்பியின் சுவிச்சை அப்படியே அதில் குத்தலாம்.

உப்புவெளி_அக்கா

எல்லோருக்கும் நிலவரம் சொல்ல வேணும்.

மணி பூட்டியாயிற்று. சல்லிப் பக்கம் ஒரு சவுண்ட் சேர்விஸ்காரர் ஸ்டாண்ட் தந்தார், காசு வாங்கவில்லை. முதல் இரவு சும்மா அடித்து அடித்து எங்கள் எல்லோரையும் எழுப்பினான். அம்மா ஏசினா. அவன் அதற்கும் அடித்தான்.

பட்டியைத் தையல்கார அக்கா தைத்துத் தந்தா. கரண்டியால் சாப்பிட மாட்டேன் என்கிறான், சோறு கையால்தான் வேணுமாம். அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. போனில் தட்டுகிறான். எழுத்து எழுத நேரம் எடுக்கிறது, கோபம் வருகிறது.

கிண்ணியா_பிசியோ

மாஷா அல்லாஹ். சோற்றுக்கு: விளிம்பு உயர்ந்த தட்டு, கீழே ஈரத்துணி போட்டால் வழுக்காது. குழைத்து உருட்டி வைத்தால் பட்டிக் கையின் பக்கத்தால் விளிம்பில் அழுத்தி எடுக்க முயலலாம். நேரம் எடுக்கும். எங்கள் நோயாளிகளில் பாதிப்பேர் கரண்டியை ஒரு தோல்வியாகவே பார்க்கிறார்கள், வற்புறுத்தாதீர்கள். வீட்டில் கை, விருந்தாளி வந்தால் கரண்டி என்று தாங்களாகவே பிரித்துக்கொள்வார்கள்.

கோணேசபுரி_நிரலாளன்

அக்கா, தம்பிக்குக் குரல் நன்றாக இருக்கிறதே, ஏன் எழுத்து எழுத்தாகத் தட்டுகிறார்? ஜிபோர்ட்டில் (போனிலுள்ள கூகுள் கீபோர்ட்) தமிழ் (இலங்கை) தெரிவு செய்து மைக்கை மட்டும் தட்டச் சொல்லுங்கள். அவர் பேச, அது எழுதும். நம் ஊர்ப் பேச்சை அப்படியே பேசினால் சில இடத்தில் தடுமாறும், கொஞ்சம் செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசினால் பிடித்துக்கொள்ளும். நான் செய்கிற எழுத்துக் கட்டம் ஆசிரியை அம்மாவுக்குத்தான்.

உப்புவெளி_அக்கா

செய்து பார்த்தான். செய்தி வாசிப்பவர் மாதிரி நண்பர்களுக்குச் செய்தி அனுப்புகிறான், அவர்கள் சிரித்துக் குரல்பதிவு போடுகிறார்கள். இப்போது அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொல்கிறான்.

சோல்டர்_தம்பி, அந்த இஎஸ்பி32 போர்ட் செய்து தருவீர்களா? எவ்வளவு நாளாகும்?

சோல்டர்_தம்பி

போர்ட் கையில் இருக்கிறது அக்கா. கன்னச் சுவிச்சிலிருந்து போர்ட் வரைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து அனுப்புங்கள். நுளம்பு வலை கட்டுவீர்களா என்பதையும் சொல்லுங்கள், வயர் வலைக்கு உள்ளாலா வெளியாலா போகும் என்று தெரிந்தால்தான் பிளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவெடுக்கலாம். மூதூர் அண்ணை, உங்களுக்கும் ஒன்று சேர்த்தே செய்கிறேன், பழைய மவுஸ் இரண்டையும் கொண்டுவாங்கோ.